ஆம்பிளைப் பிள்ளைதானே

வணக்கம் நேயர்களே. காலை 7.30க்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அந்த நேரம் கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குள் நடந்து பாருங்கள். லொறியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குகிறவர்களுக்குள் மீசை அரும்பாத முகம் ஒன்றாவது தென்படும். "வயசென்ன தம்பி?" என்றால் "பதினெட்டு" என்பான். யாரோ சொல்லிக்கொடுத்த பதினெட்டு.

1945 முதல் இலவசக் கல்வி உள்ள நாடு நம் இலங்கை. பாடநூல் சும்மா கிடைக்கிறது, சீருடைத் துணியும் அப்படித்தான். 2016 முதல் 16 வயதுவரை பாடசாலை கட்டாயம். பிறகும் பொடியன் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறான்? வறுமை என்று சொல்லிவிடுகிறோம். அதே வீட்டு அக்கா பதினோராம் தரம்வரை படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாளே, அவளுக்கு மட்டும் வேறு அடுப்பா எரிகிறது?

இருபது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். பொடியன் ஒரே நாளில் நிற்பதில்லை. ஆறாம் தரத்துக்கு வரும்போதே வாசிக்கத் தடுமாறுவான். கடைசி வாங்குக்குப் போய்விடுவான். கணக்குப் பாடம் என்றால் வயிற்றுவலி வரும். பிறகு திங்கட்கிழமைகளில் காணக் கிடைக்கமாட்டான். ஒன்பதாம் தரத்தில் இடாப்பிலிருந்து பெயரே போய்விடும். அவன் வராத நாளில் வகுப்பு அமைதியாக இருக்கிறதென்று நானும் உள்ளூர ஆறுதல்பட்டிருக்கிறேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பெண்பிள்ளை நின்றால் வீடு பதறும். பொடியன் நின்றால், "ஆம்பிளைப் பிள்ளைதானே, எப்படியும் பிழைச்சுக்கொள்ளும்" என்று மாமாவின் கடையில் இடம் பார்ப்பார்கள். நாட்கூலி வந்ததும் அவன் வீட்டுக்கு ராஜா. போன் வாங்குவான், தங்கச்சிக்குச் சப்பாத்தும் வாங்குவான். யார் தடுப்பார்கள்?

வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதை 2021இல் 16 ஆக்கினார்கள். அதற்குக் குறைந்தவனை முதலாளி எந்தப் பதிவிலும் எழுதமாட்டார். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12 கட்டவேண்டும். இவனுக்கு அது கிடையாது. பதினெட்டு தாண்டினாலும் பழகிய பழக்கம் அப்படியே ஓடும். நாற்பதில் முதுகு விழுந்தால் பெயரில் ஒரு சதம் இருக்காது.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஓட்டோ பிடித்தேன். ஓட்டுகிறவன் ஆறாம் தரத்தில் என் வகுப்பு. இறங்கும்போது காசு வாங்க மறுத்தான். சீட்டுக்கடியிலிருந்து மடித்த தாளை எடுத்தான். "டீச்சர், இதில என்ன போட்டிருக்கு?" ஓட்டோவைத் தவணைக்கு எடுத்த லீசிங் ஒப்பந்தம். தமிழில்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தான்.