சுருதி மாறும் மீகடத்தி வளையங்கள்

வணக்கம் நண்பர்களே. இந்தத் தாளில் ஒரு சதுர வளையம் வரைந்திருக்கிறேன். அதன் ஒரு பக்கத்தில் பெருக்கல் குறி ஒன்று இருக்கிறது, பாருங்கள். இன்றைய பேச்சு முழுக்க அந்தக் குறியைப் பற்றித்தான்.

மெட்டாமெட்டீரியல் தெரியுமல்லவா? அலைநீளத்தைவிட மிகச் சிறிய வளையங்களை வரிசையாக அடுக்கி, இயற்கையில் கிடைக்காத மின்காந்தக் குணங்களை வரவழைப்பார்கள். 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் நீளம் 3 சென்டிமீட்டர். நான் சொல்லும் வளையம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அவ்வளவு சிறிதாகச் செம்பில் செய்தால், மின்தடை அலையின் ஆற்றலைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர வேண்டும் என்பதும் செய்த அன்றே முடிவாகிவிடும்.

நியோபியம் என்ற உலோகத்தில் செய்து 9.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், அது மின்தடை இல்லாத மீகடத்தி ஆகிவிடும். முதல் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. இரண்டாவதைத் தீர்ப்பது இந்தப் பெருக்கல் குறி, அதாவது ஜோசப்சன் சந்தி. இரு மீகடத்திகளுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஒரு மின்காப்புப் படலம், அவ்வளவுதான். எலக்ட்ரான் இணைகள் மின்னழுத்தம் இல்லாமலே அதை ஊடுருவும் என்று 1962இல் பிரையன் ஜோசப்சன் கணித்தார். நமக்கு வேண்டியது அதன் இன்னொரு குணம். சந்தி ஒரு மின்தூண்டியைப் போல, அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் கம்பிச் சுருளைப் போல நடந்துகொள்கிறது. வளையத்துக்குள் காந்தப் பாயத்தை, அதாவது அதன் வழியே புகும் காந்தப்புலத்தின் மொத்த அளவை மாற்றினால் சந்தியின் தூண்டல் மாறுகிறது, ஒத்ததிர்வும் நகர்கிறது. தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டுவது போலத்தான். ஆனால் இங்கே அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுகிறேன். பாயத்தை ஏற்றிக்கொண்டே போனால் அதிர்வெண் ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கே வரும். அந்த ஒரு சுற்றுக்கு வேண்டிய பாயம் 2.07 × 10⁻¹⁵ வெபர். வளையத்தின் பக்கம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 0.2 மைக்ரோடெஸ்லா புலமே போதும். பூமியின் காந்தப்புலமோ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா! நூறு மடங்குக்கும் மேல். அதனால்தான் கருவியைச் சுற்றிக் காந்தக் கவசம் போடுகிறார்கள். அப்படியும், குளிரும்போது மீகடத்திப் படலத்தில் காந்தச் சுழிகள், அதாவது சின்னச் சின்னப் பாயத் துணுக்குகள் சிக்கிக்கொண்டு வளையங்களின் சுருதியைக் கலைப்பது உண்டு. வளையங்கள் ஆளுக்கொரு அதிர்வெண்ணுக்குப் போய்விட்டால் அடுக்கியதெல்லாம் வீண். மெட்டாமெட்டீரியலைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் போர்வை என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. எனக்கு அதில் எரிச்சல்தான்.

இந்தச் சந்திகளுக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சந்திகளை ஒரே தடத்தில் கோத்த பயண அலைப் பெருக்கிகள், குவாண்டம் கணினியிலிருந்து வரும் மிக மெல்லிய நுண்ணலைச் சைகைகளை இரைச்சல் அதிகம் சேராமல் பெருக்கித் தருகின்றன. அடுத்த காணொளியில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.