கடற்புல் நாற்றும் கோலி சோடாவும்

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்குப் பல மணி நேரப் பயணம். இங்கே எதற்குக் கடலடியில் வேர்விட்டு, விதை விட்டு வளரும் கடற்புல்லைப் பற்றிய பேச்சு என்று கேட்பீர்கள். நாற்றின் அருமை தெரிந்த ஊர் என்பதால்தான்.

ஏற்காட்டுக் காப்பி நாற்றங்காலில், விதையைத் தொப்பி மாதிரி தலையில் சுமந்து நிற்கும் கன்றைப் பார்த்திருப்பீர்கள். விதைக்குள் இருக்கும் கட்டுச்சோற்றைத் தின்றுதான் அது அப்போது நிற்கிறது. கடற்புல்லும் அப்படித்தான். பாக் விரிகுடாவில் வளரும் என்ஹாலஸ் என்ற நாடா இலைப் புல்லுக்கு விதை பெரியது. சில நாள் தாங்கும். ஹாலோபிலா என்ற இன்னொரு கடற்புல்லின் விதையோ கடுகை விடச் சிறியது. முளைத்த கையோடு வெளிச்சத்தைப் பிடித்தாக வேண்டும்.

காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல் அமிலமாகிறது என்றதும் நாற்று கருகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கருகாது. கோலி சோடாவில் சங்குப்பூச் சாற்றை ஊற்றுங்கள், நீலம் ஊதாவாகும். அது நிஜ அமிலம். அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். கடல்நீரின் பிஎச் தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2, இன்று சுமார் 8.1. இன்னும் காரப் பக்கம்தான். ஆனால் இந்த அளவுகோலில் 0.3 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகும்.

புல்லுக்கு இதில் முதலில் லாபம்தான். கடலில் கரைந்த கார்பனில் ஏறக்குறைய 90 விழுக்காடு பைகார்பனேட் என்ற அயனி வடிவில் இருக்கிறது. இலை நேரே இழுக்கக்கூடிய கார்பன் டை ஆக்சைடு 1 விழுக்காடு அளவே. பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுக்கச் செடிக்குச் செலவு அதிகம். வாயு கூடினால் செலவு மிச்சம். மரவள்ளியில் மாவு சேர்வது போல வேர்த்தண்டில் மாவுச்சத்து சேரும்.

எங்கே இடிக்கிறது? வெளிச்சம் இருந்தால்தான் இந்த லாபம். கலங்கிய நீரில் வாயு எவ்வளவு இருந்தாலும் வீண். சூடு ஏறினால் சுவாசம் கூடி, சேர்த்த மாவு கரையும். இன்னொன்று துவர்ப்பு. இத்தாலியின் வல்கானோ தீவருகே கடலடியில் கார்பன் டை ஆக்சைடு குமிழியிடும் இடத்தில், புல்லில் துவர்ப்புச் சத்துகள் குறைந்திருந்தன. துவர்ப்பு குறைந்த தளிர் மேய வரும் மீனுக்கு விருந்து. முதிர்ந்த புல் இலையை இழந்தாலும் வேர்த்தண்டு காக்கும். இரண்டு இலை நாற்றுக்கு அந்த வசதி ஏது?

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். இதைத் தொட்டியில் சோதிப்பவர்களில் சிலர் நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி பிஎச்சை இறக்குகிறார்கள். அது கடலில் நடப்பதல்ல. அமிலம் காரத்திறனை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறனை, குறைக்கும். மொத்தக் கார்பனைக் கூட்டாது. வாயுவையே குமிழியாக விடுங்கள். ஒரு தொட்டி 8.1, இன்னொன்று 7.8. லிட்மஸ் தாள் 0.3 வித்தியாசத்தைக் காட்டாது. மின்முனை மீட்டர் வேண்டும், அதையும் கடல்நீருக்கான ட்ரிஸ் பஃபரில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசலில்) சரிபார்க்க வேண்டும். அளக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். பகலில் புல் வாயுவை உண்பதால் பிஎச் ஏறும், இரவில் மூச்சுவிட்டு இறக்கும். ஒரு தொட்டியைக் காலை 6 மணிக்கும் மற்றதைப் பகல் 2 மணிக்கும் அளந்தால், இல்லாத அமிலத்தைக் கண்டுபிடித்த பெருமைதான் மிஞ்சும்.