உப்புக்காற்றில் ஓடும் கம்ப்ரசர்: டேங்கின் அடியைக் கவனியுங்கள்

வணக்கம். மண்டபத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் பட்டறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்கும், காற்றை அழுத்திச் சேர்த்துவைக்கும் இந்தக் கம்ப்ரசரின் டேங்கைப் பற்றித்தான் இன்று அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். டேங்குக்குள் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். எந்த ஊரிலும் இது நடக்கும் என்றாலும், ஒருபுறம் பாக் விரிகுடாவும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் இருக்கும் நம் பகுதியில், ஈரத்தோடு உப்பும் சேர்வதால் துரு வேகமாகப் பிடிக்கிறது. வாடைக்காலத்தில் தேங்கும் தண்ணீரும் அதிகம். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். நாங்கள் ஏற்றும் 8 கிலோ பிரஷர் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 8 கிலோ எடை. உள்ளங்கை அளவு தகட்டில் அரை டன்னுக்கும் மேல். மெலிந்த தகடு அதைத் தாங்காது.

ஆகவே, வேலை முடிந்ததும் தினமும் தண்ணீரை வடியுங்கள். முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால், வடிக்கும்போது பிரஷர் குறைந்து மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும், அந்த நேரத்தில் பெல்ட் பக்கம் கை இருந்தால் விரல் போய்விடும். பிரஷரைக் குறைத்து, கண்ணாடி அணிந்து, அடியிலுள்ள வால்வை மெதுவாகத் திறக்கிறேன். பாருங்கள், கடுந்தேநீர் நிறத்தில் வருகிறது, விரலில் தேய்த்தால் துருப்பொடி நெருடுகிறது. டேங்கில் ஊசித்துளை அளவு கசிவு தெரிந்தாலும் வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். சுற்றியுள்ள தகடும் அரித்திருக்கும் என்பதால் டேங்கையே மாற்ற வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பிரஷர் அளவு மீறினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வில் காற்று கசிகிறது என்று அதைக் கழற்றிவிட்டு போல்ட்டை முறுக்கி வைத்திருந்தார்கள். மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் கெட்டால் டேங்கைக் காப்பாற்ற அந்த வால்வைத் தவிர வேறெதுவும் கிடையாது என்பது தெரிந்தும், வயதில் சிறியவனாக இருந்ததால் அங்கே வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சட்டையில் ஒட்டிய தூசியை ஊத ஹோஸை உடம்பில் திருப்பாதீர்கள். காயத்தின் வழியே காற்று தோலுக்குள் புகுந்துவிடும். இந்தக் காற்றில் எண்ணெய்ப்புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கக்கூடும் என்பதால், கடலுக்குள் மூழ்குவதற்கு இதை மூச்சுக்காற்றாகக் கொடுக்கவே கூடாது.

தண்ணீர் நின்றுவிட்டது. வால்வை மூடி மோட்டாரை ஓட்டுகிறேன். முள் 8-ஐத் தொட்டதும் அது தானாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஹோஸை மாட்டுவேன்.