பசி ஓட்டுப் போடாது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, இவ்வளவு நேரம் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“தீவிரவாத அரசியல் இயக்கங்களை ஆட்சியில் ஏற்றுவது மக்களின் துயரமா, இயக்கத்தின் பிரச்சாரமா?” இதுதான் தலைப்பு. துயரம் என்பது எதிரணி, பிரச்சாரம் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ஜெர்மனியை எடுத்துக்கொண்டார். 1932 தொடக்கத்தில் அங்கே 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை, வயிறு காய்ந்தவன் ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டான், இதில் பிரச்சாரம் எங்கே வந்தது என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நான் வேறு நாட்டுக்குப் போகப்போவதில்லை. அவர் எடுத்த ஜெர்மனியிலேயே அவருக்குப் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. அந்த வயிறு காய்ந்தவன் நிஜமாகவே யாருக்கு ஓட்டுப் போட்டான்? வரலாற்று ஆய்வாளர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலை போன தொழிலாளி பெரும்பாலும் கம்யூனிஸ்ட் பக்கம் போயிருக்கிறான். ஹிட்லருக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சொந்த நிலம் வைத்திருந்த புராட்டஸ்டண்ட் விவசாயிகள், கடைக்காரர்கள், சிறு பட்டறை முதலாளிகள், ஓய்வூதியக்காரர்கள். பசித்தவனைவிட, பசி நம் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்று நடுங்கியவன்தான் அதிகம். பசி தானாக வரும் ஐயா. இந்த நடுக்கத்தை யாராவது வீடு தேடி வந்து கொடுக்க வேண்டும். 1933-ல் அமெரிக்காவிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அங்கே ஹிட்லர் மாதிரி ஒருவர் வரவில்லை, ஜனநாயக வழியில் ரூஸ்வெல்ட் அதிபராக வந்தார். அதை எதிரணி தாண்டியே போய்விட்டது, போகட்டும்.

ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் என்று வடக்கே ஒரு பகுதி. முழுக்க விவசாயம். 1928 தேர்தலில் நாஜி கட்சி அங்கே வாங்கியது 4 சதவீதம். 1932 ஜூலையில் 51 சதவீதம்! நாலே வருடம். அங்கே விவசாயிகள் கடனில் தவித்தார்கள், உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நாஜி கட்சிக்கு அந்த விவசாயியிடம் போவதற்கே ஒரு சங்கடம் இருந்தது. 1920-ல் அவர்கள் அறிவித்த 25 அம்சத் திட்டத்தில் 17-வது அம்சம், பொதுத் தேவைக்காக நிலத்தை இழப்பீடு இல்லாமல் எடுத்துக்கொள்வோம் என்று சொன்னது. நிலத்தையே உயிராக நினைக்கிறவனிடம் இதைச் சொன்னால் விடுவானா?

என்ன செய்தார்கள்? இந்தத் திட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாது என்று ஊரறிய அறிவித்தவர்கள் அவர்கள். அதனால் எழுத்தை மாற்றவில்லை. 1928 ஏப்ரலில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஹிட்லர் ஒரு விளக்கம் கொடுத்தார். நாங்கள் தனியார் சொத்தை மதிக்கிறவர்கள், அந்த அம்சம் யூத நில வணிக நிறுவனங்களுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றார். வேலை முடிந்தது. விவசாயியின் பயத்தையும் போக்கியாயிற்று, அவனுக்கு ஒரு எதிரியையும் காட்டியாயிற்று. ஒரே வாக்கியத்தில் இரண்டும்! கடன் எங்கேயிருந்து வந்தது என்று புரியாமல் நின்றவனுக்கு, இதோ இவன்தான் என்று விரல் நீட்டிக் காட்டினார்கள். துயரம் விவசாயியுடையது. விரல் யாருடையது என்பதுதான் இன்றைய வழக்கு.

இந்த விரல் நீட்டுகிறவர்களைத் தயாரிக்க ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார்கள். ஃபிரிட்ஸ் ராய்ன்ஹார்ட் என்று ஒருவர். மேடைப் பேச்சைத் தபால் மூலம் கற்றுக்கொடுத்தார். மனப்பாடம் செய்ய ஒரு உரை, எதிராளி கேள்வி கேட்டால் சொல்வதற்குத் தயார் நிலையில் பதில்கள். ஆயிரக்கணக்கானோர் அதில் தேறி வந்தார்கள். நம் தொழிலையே தபாலில் விற்றிருக்கிறார்கள், நடுவர் அவர்களே! போதாக்குறைக்குக் கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணமும் வாங்கினார்கள். காசு கொடுத்து உள்ளே வருகிறவன் கடைசிவரை உட்கார்ந்து கேட்பான் என்று அவர்களுக்குத் தெரியாதா? கடைக்காரர் கூட்டத்தில் பெரிய அங்காடிகளைத் திட்டுவார்கள், விவசாயி கூட்டத்தில் வட்டியைத் திட்டுவார்கள். எந்தச் சரக்கு எங்கே போணியாகுமோ அதை அங்கே விரித்தார்கள்.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்ன்ஹார்ட் வைஸ். பெர்லின் காவல்துறையின் துணைத் தலைவர். யூதர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டு முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். பின்னாளில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சரான கோயபல்ஸ் 1926-ல் நாஜி கட்சியின் பெர்லின் பொறுப்பாளராக வந்து, மறு ஆண்டு ‘டெர் ஆங்கிரிஃப்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். வைஸுக்கு அதில் ‘இசிடோர்’ என்று ஒரு பெயரைச் சூட்டினார். அது அவருடைய பெயரே இல்லை. யூதர்களைக் கேலி செய்ய வழக்கமாகப் பயன்பட்ட பெயர், அவ்வளவுதான். வாராவாரம் இசிடோர், கேலிச்சித்திரத்தில் இசிடோர், மேடையில் இசிடோர். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, கடைசியில் அவர் நிஜப் பெயரே இசிடோர்தான் என்று நம்பியவர்களும் உண்டு.

வைஸ் சும்மா இருக்கவில்லை. வழக்கு மேல் வழக்குப் போட்டார், பல வழக்குகளில் ஜெயித்தார். ஒரு கேலிச்சித்திரத்தில் பனிக்கட்டி மேல் தடுமாறி நிற்கும் கழுதைக்கு அவர் முகச்சாயலைக் கொடுத்திருந்தார்கள். அது அவரைத்தான் குறிக்கிறது என்று நீதிமன்றம் கண்டித்தது. அந்தப் பத்திரிகை என்ன செய்தது? கழுதை வைஸ் மாதிரி இருப்பதாக நீதிமன்றமே ஒத்துக்கொண்டது என்று அதையும் செய்தியாக்கிவிட்டது! தீர்ப்பு அவருக்கு, சிரிப்பு இவர்களுக்கு. நடுவர் அவர்களே, இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு காவல்துறை அதிகாரியைப் பார்த்து ஊரே சிரிக்கப் பழகிவிட்டால், அவர் பின்னால் நிற்கிற அரசையும் சட்டத்தையும் பார்த்துச் சிரிக்க எவ்வளவு நேரமாகும்? இதற்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்? இது தொடங்கிய 1927-ல் பொருளாதாரச் சரிவே வரவில்லையே! வைஸ் 1933-ல் நாட்டைவிட்டுத் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யை ஆயிரம் முறை சொன்னால் உண்மையாகிவிடும் என்று கோயபல்ஸ் சொன்னதாக நாம் மேடைக்கு மேடை சொல்கிறோமே, எதிரணித் தலைவரும் சற்று முன் சொன்னாரே, அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. ஆயிரம் முறை சொல்லிச் சொல்லி நாமே அதை உண்மையாக்கிவிட்டோம். இதுவும் எங்கள் அணிக்குத்தான் சாட்சி.

இன்னொரு தவறான எண்ணம், வானொலியால்தான் ஹிட்லர் வந்தார் என்பது. 76 மார்க் விலையில் ‘மக்கள் வானொலி’ வந்தது 1933 ஆகஸ்டில். அப்போது ஆட்சி கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆட்சிக்கு வரும் முன் வானொலி அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது, நாஜிகளுக்கு அங்கே பெரிதாக இடமில்லை. அவர்கள் ஏறி வந்ததெல்லாம் தெரு, அரங்கம், சுவரொட்டி, பத்திரிகை வழியாகத்தான். அதிலும் பெரிய பத்திரிகை அவர்களுடையது அல்ல. 1929-ல் முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி கட்ட வேண்டிய இழப்பீட்டுக்கான யங் திட்டத்தை எதிர்த்து, ஹூகன்பெர்க் என்ற பத்திரிகை அதிபர் ஹிட்லரையும் சேர்த்துக்கொண்டு ஒரு இயக்கம் நடத்தினார். பொது வாக்கெடுப்பில் கிடைத்த ஆதரவு 14 சதவீதம்கூட இல்லை. படுதோல்வி. ஆனால் ஹிட்லரின் பெயர் ஹூகன்பெர்க்கின் பத்திரிகைகள் வழியாக நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. 1928-ல் 12 இடம் வைத்திருந்த கட்சி 1930 செப்டம்பரில் 107 இடம் வாங்கியது. ஹூகன்பெர்க் ஹிட்லரைப் பயன்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

சரி, எதிரணியின் துருப்புச் சீட்டுக்கு வருகிறேன். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 20 லட்சம் ஓட்டுக் குறைந்ததே, 230 இடம் 196 ஆயிற்றே, பிரச்சாரத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தால் ஏன் சரிந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். நவம்பரில் வேலையில்லாதவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டதா? பசி போகவில்லை, ஓட்டு மட்டும் போயிற்று. அப்படியானால் ஓட்டும் பசியும் ஒன்றில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கட்சியிடம் பணம் தீர்ந்திருந்தது, உள்ளே சண்டை. பலர் அதோடு கதை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

அப்போது லிப்பே என்று ஒரு குட்டி மாநிலத்தில் தேர்தல் வந்தது, 1933 ஜனவரி 15. மொத்தம் ஒரு லட்சம் வாக்காளர்கள்தான். நாஜிகள் மொத்தப் படையையும் அங்கே இறக்கினார்கள். ஹிட்லரே ஊர் ஊராக, சின்னச் சின்ன ஊர்களில்கூட, பத்து நாளில் பதினைந்து கூட்டத்துக்கு மேல் பேசினார். கிடைத்தது 39.5 சதவீதம், சுமார் 39,000 ஓட்டு. போன ஜூலையில் அதே லிப்பேயில் வாங்கியதைவிடக் குறைவு! ஆனால் மறுநாள் கட்சிப் பத்திரிகைகளைப் பார்த்தவனுக்கு ஜெர்மனி முழுவதும் அலை அடிப்பதாகத்தான் தோன்றியிருக்கும். ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கைச் சுற்றி இருந்தவர்களுக்கும் இவர்கள் எழுந்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்தது. ஹிட்லரைச் சான்சலராக்க, அதாவது பிரதமராக்க, முன்னாள் சான்சலர் பாப்பன் நடத்திய பேரம் சூடு பிடித்தது. ஜனவரி 30-ல் ஹிட்லர் சான்சலர்.

பேரம்தான் பதவி கொடுத்தது என்று எதிரணி சொல்லும். பேரம் பேச ஒரு சரக்கு வேண்டாமா? அந்தச் சரக்கு 39,000 ஓட்டும் அதைப் பத்து மடங்காகக் காட்டிய கொட்டுமேளமும்தான்.

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேலை வைத்துவிட்டு உட்காருகிறேன். ஜனவரி 15-லிருந்து 30 வரை, அந்த இரண்டு வாரத்தில் ஜெர்மனியில் புதிதாக என்ன பசி வந்தது என்று அவர் சொல்லட்டும்.