பெருங்குடல் புற்றுநோயில் மரபணுப் பரிசோதனை: கடுகளவு திசு சொல்லும் சேதி

வணக்கம். இன்றைக்குக் கையில் ஒரு பொருளோடு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். வெள்ளை மெழுகு, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் சட்டம். தீப்பெட்டியைவிடச் சிறியது. ஆய்வகத்தில் இதை பிளாக் என்போம். இது பயிற்சிக்கு வைத்திருப்பது, உள்ளே யாருடைய திசுவும் இல்லை. கொலோனோஸ்கோப்பி செய்யும்போது கட்டியிலிருந்து கிள்ளி எடுக்கிறார்களே, அந்தத் துணுக்கு ஃபார்மலினில் ஊறி, கடைசியில் இப்படி மெழுகுக்குள் போய் உட்காரும். அது ஏறக்குறைய ஒரு கடுகளவுதான் இருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. இந்த பிளாக்கைச் சீவுவதுதான் என் வேலை. ஒரு சீவலின் கனம் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாபோல வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் பிரியும், அப்படியே கண்ணாடி ஸ்லைடில் ஏந்திக்கொள்வோம். பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நாடாவை எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

அந்தக் கடுகளவு திசுவில்தான், பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்கிற சேதி இருக்கிறது. சீவச் சீவ அது தீர்ந்துபோகும். இந்த இரண்டையும் சேர்த்து உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சேதி. செல்லின் மேற்பரப்பில் இஜிஎஃப்ஆர் என்று ஒரு ஏற்பி இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற ‘வளர்’ என்ற கட்டளையை அது வாங்கி உள்ளே ராஸ் புரதத்திடம் கொடுக்கும், ராஸ் அதை பிராஃபிடம் கொடுக்கும், இப்படியே அது செல்லின் கருவரை போகும். செடுக்சிமாப், பானிடுமுமாப் என்ற மருந்துகள் மேலே இருக்கிற அந்த ஏற்பியை அடைத்துவிடும். ஆனால் பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ராஸ் வகையைச் சேர்ந்த கேராஸ் அல்லது என்ராஸ் மரபணுவில் மாற்றம் இருக்கும். அதாவது கட்டளை நடுவழியிலேயே தானாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. மேலே அடைத்து என்ன பயன்? அதனால்தான் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே ராஸ் பரிசோதனை கேட்கிறார்கள்.

அடுத்தது பிராஃப். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். பிராஃப் புரதம் 766 மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 600ஆவது மணி வேலின் என்ற அமினோ அமிலம். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அந்த இடத்தில் குளூட்டமேட் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதுதான் ரிப்போர்ட்டில் வருகிற வி600இ. பரவிய நிலையில் 100 பேரில் 8 முதல் 10 பேரிடம் இருக்கும். வேகமாக வளர்கிற வகை என்பதும் உண்மை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

தோலில் வருகிற மெலனோமா என்ற புற்றுநோயிலும் இதே மாற்றம் உண்டு. பிராஃபை அடக்குகிற மாத்திரையைக் கொடுத்தால் அங்கே பலருக்குக் கட்டி சுருங்கியது. சரி, அதே மாத்திரையைப் பெருங்குடலுக்கும் கொடுக்கலாமே என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. எழுத்து அதேதான், மருந்தும் அதேதான். அப்புறம் ஏன்?

2012இல் விடை கிடைத்தது. பிராஃபை அடக்கியதும், பெருங்குடல் செல் மேலே இருக்கிற இஜிஎஃப்ஆரை முடுக்கிவிட்டு வேறு வழியாகக் கட்டளையை அனுப்பிவிடுகிறது. மெலனோமா செல்களில் இஜிஎஃப்ஆர் ரொம்பக் குறைவு, அதனால் அங்கே அந்த மாற்றுவழி இல்லை. அப்படியென்றால் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். என்கோராஃபெனிப் மாத்திரை, கூடவே செடுக்சிமாப் ஊசி. வேறு சிகிச்சை எடுத்தும் நோய் வளர்ந்தவர்களுக்கு 2020இல் அமெரிக்காவில் இந்த ஜோடிக்கு அனுமதி கிடைத்தது. பிறகு வந்த பிரேக்வாட்டர் ஆய்வில் இதையே முதல் சிகிச்சையாக, கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 15 மாதம், இந்தச் சேர்க்கை பெற்றவர்களுக்குச் சுமார் 30 மாதம். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள் என்று பொருள். 2025இல் அந்த எண்களைப் படித்த அன்று நான் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் அரிதானவையும் இருக்கின்றன. ஹெர்2 மரபணு அளவுக்கு மீறிப் பல பிரதிகளாகிவிடுகிற ஹெர்2 பெருக்கம் 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கு, அதற்கு டுகாட்டினிப், டிராஸ்டுசுமாப் ஜோடி. கேராஸில் ஜி12சி என்ற மாற்றம் மூன்று நான்கு பேருக்கு. கேராஸுக்கு மருந்தே செய்ய முடியாது என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இன்றைக்கு சோடோராசிப் இருக்கிறது. அதையும் தனியாக அல்ல, பானிடுமுமாபோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், காரணம் மேலே சொன்ன அதே மாற்றுவழி. என்டிஆர்கே மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிற என்டிஆர்கே இணைவு 100இல் ஒருவருக்குக்கூட இருக்காது, ஆனால் இருந்தால் லாரோட்ரெக்டினிப் நன்றாகக் கேட்கிறது.

டிஎன்ஏவில் விழுகிற பிழையைத் திருத்துகிற புரதங்கள் இல்லாமல்போவது இன்னொரு வகை, எம்எஸ்ஐ உயர்வு என்று ரிப்போர்ட்டில் வரும். இதற்கு கீமோவைவிட பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து முன்னால் நிற்கிறது. நோய் மீண்டும் வளராமல் கடந்த காலம், இடைநிலைக் கணக்கில், 8 மாதத்திலிருந்து 16 மாதத்துக்குப் போனது. இந்த வகை லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் குறையாலும் வரலாம் என்பதால் குடும்பமே கலங்கிப்போகும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: பிழை திருத்துகிற அந்தப் புரதங்களில் ஒன்றான எம்எல்எச்1 இல்லை, ஆனால் பிராஃப் வி600இ இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் பரம்பரையாக வந்தது அல்ல. பயமுறுத்திய அதே எழுத்து பிள்ளைகளைப் பற்றிய கவலையைக் குறைத்துவிடுகிறது.

சரி, திசு தீர்ந்துபோகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாயத்துக்கு ஒரு சீவல், இன்னொன்றுக்கு இன்னொன்று, இரண்டாவது கருத்துக்காக வேறு மருத்துவமனை கேட்டால் மறுபடியும் சீவல். ஒவ்வொரு முறையும் பிளாக்கைக் கத்திக்குச் சமமாக்குவதற்கே கொஞ்சம் வீணாகும். கடைசியில் மரபணுப் பரிசோதனை என்று வரும்போது மெழுகு மட்டும் மிச்சமிருக்கும். ‘போதிய திசு இல்லை’ என்று ஒரு ரிப்போர்ட்டில் பார்த்தேன். அந்த பிளாக்கைச் சீவியதில் என் கையும் உண்டு. இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் நோய் பரவியிருக்கிறது என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். ராஸ், பிராஃப், ஹெர்2, எம்எஸ்ஐ எல்லாம் பார்க்கிறீர்களா? ஒவ்வொன்றாகவா, அல்லது பல மரபணுக்களைச் சேர்த்துப் படிக்கிற என்ஜிஎஸ் முறையில் ஒரே தடவையிலா? பிளாக் இப்போது எந்த ஆய்வகத்தில் இருக்கிறது? அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அந்தக் கட்டியின் பிளாக்கும் இருக்கும், அதில் திசு அதிகம்.

தீர்ந்தேவிட்டது என்றால் இரத்தத்தில் மிதக்கிற கட்டியின் டிஎன்ஏவைத் தேடலாம். கிடைத்தால் நல்லது. இரத்தத்தில் தெரியவில்லை என்பதற்காக மாற்றமே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், கட்டி போதிய டிஎன்ஏவை வெளியே விடாமலும் இருக்கலாம். அப்போது மறுபடி பயாப்சி எடுக்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள்.