பயிற்சிக்குக் கட்டணமில்லை, பஸ்ஸுக்கு?

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி பெற விரும்பும் பிள்ளைகள் நிதியுதவிக்கு எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு இந்த நிலையத்தார் என்னைக் கேட்டிருந்தார்கள். உலோக ஒட்டு வேலையை, அதாவது நாம் எல்லோரும் வெல்டிங் என்று சொல்லும் தொழிலை, இருபத்தாறு ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் காலத்தில் உதவுதொகைக்கான நேர்முகப் பரீட்சைக் குழுக்கள் பலவற்றில் இருந்து, ஆயிரத்துக்குக் குறையாத படிவங்களை வரிவரியாக வாசித்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் கண்டவற்றையே இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் 'இலவசம்' என்ற சொல்லைப் பார்ப்போம். நமது திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் பயிற்சிகளை நடத்துகின்றது. இத்தகைய அரச நிறுவனங்களின் முழுநேரப் பயிற்சிகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. சிலவற்றுக்குச் சிறிய தொகை ஒன்று உண்டு. இதைக் கேட்டதும் பெற்றோர், இனிச் செலவில்லை என்று நினைத்துப் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழிந்ததும் வரவு இடாப்பில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே கோடுகள் விழத் தொடங்குகின்றன. காரணம் கேட்டால், "சேர், பஸ்ஸுக்குக் காசு இல்லை" என்பான். அல்லது அதையும் சொல்ல வெட்கப்பட்டுக் காய்ச்சல் என்பான்.

வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ நகரத்துக்கு வந்து போகும் பிள்ளைக்கு ஒரு நாள் பஸ் செலவு 260 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாள் வகுப்பு என்றால் 5,720 ரூபாய். அதற்கு மேல் மதிய உணவு, பாதுகாப்புச் சப்பாத்து, வேலை உடுப்பு, பயிற்சிக் குறிப்பேடு, பிரதி எடுக்கும் செலவு ஆகியன உண்டு. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்றும் உண்டு. அது எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. பதினெட்டு வயதுப் பையன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனால் அன்று மாலையே கையில் காசு கிடைக்கும். அவன் ஆறு மாதமோ ஒரு வருடமோ பயிற்சிக்குப் போனால், அந்தக் காசு வீட்டுக்கு வராது. பயிற்சியை இடையில் விட்டுப் போனவர்களுள் பெரும்பாலோர் பாடம் கடினம் என்று போனவர்கள் அல்லர். வராமற்போன அந்தக் கூலிக்காகப் போனவர்கள் என்பதே என் அனுபவம்.

ஆகவே எந்த உதவி, எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். பயிற்சி நிறுவனம் ஊடாக வழங்கப்படும் மாதாந்த உதவுதொகை ஒன்று. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சலுகைப் பருவச்சீட்டு, நாம் சீசன் என்று சொல்வது, இன்னொன்று. நிறுவனத் தலைவரின் கடிதத்தோடு டிப்போவுக்குப் போய் அதைப் பெற வேண்டும். ஆனால் அது இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும், விடியற்காலையில் உங்கள் ஊருக்கு வருவது தனியார் பஸ் மட்டும்தான் என்றால், அதன் நடத்துநரிடம் சீசனை நீட்டிப் பயனில்லை. எனவே சீசன் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பயணச் செலவைப் படிவத்தில் வெறுமையாக விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வழி, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஊடாக ஒரு தொழிலகத்தில் பயிலுநராகச் சேர்வது. அங்கே வேலைத்தளத்திலேயே பயிற்சி நடக்கும், கொடுப்பனவும் உண்டு. கூலி இல்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாத வீட்டுக்கு, வகுப்பறைப் பயிற்சியை விட இதுவே ஏற்றது என்று நான் துணிந்து சொல்வேன். சீனன்குடாப் பக்கத்தில் சீமெந்து, மாவு, எண்ணெய் என்று பெரிய தொழிலகங்களை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் நமது மாவட்டத்தில், இந்த வழியை விசாரிக்காமல் விடுவது சரியல்ல.

தனியார் நிறுவனம் ஒன்றில் பணம் கட்டிச் சேர எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இத்தகைய நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது; நீங்கள் சேரும் பயிற்சிநெறி தேசிய தொழிற்தகைமையின், அதாவது என்.வி.கியூ. என்று சொல்லும் தரவரிசையின், எத்தனையாவது மட்டத்துக்கு உரியது என்பதையும் கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழைக் காட்டுவார்கள். அதன் காலாவதித் திகதியையும் வாசியுங்கள். வட்டிக்கு வாங்கிய காசைக் கட்டிய பிறகு வாசிப்பதில் என்ன பயன்?

இனிப் படிவத்துக்கு வருவோம். எந்த உதவிக்கான படிவமானாலும், அதில் 'பெற்றோரின் மாத வருமானம்' என்று ஒரு வரி இருக்கும். நான் பார்த்த அளவில், உதவி கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்காமற் போனது அதிகமும் அந்த ஒரு வரியினால்தான். அரச உத்தியோகத்தருக்கு அது சுலபம். சம்பளத் துண்டை இணைத்தால் முடிந்தது. சல்லியிலும் இறக்கக்கண்டியிலும் கடலுக்குப் போகிறவருக்கு மாத வருமானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

ஒரு முறை ஒரு தந்தை தன் கையாலேயே 90,000 ரூபாய் என்று எழுதியிருந்தார். மகனை அழைத்துக் கேட்டோம். ஆனி மாதத்தில் நல்ல மீன் பட்ட ஒரு மாதக் கணக்கு அது என்றான். அதிலும் மண்ணெண்ணெய்க்கும் ஐசுக்கும் வலை பொத்துவதற்கும் போனதைக் கழிக்கவே இல்லை. கைக்கு வந்த காசு வேறு, வீட்டுக்கு வந்த காசு வேறு அல்லவா? வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கிடக்கும் மாதங்களில் வள்ளம் கரையிலேயே கவிழ்ந்து கிடந்ததையும் அவர் எழுதவில்லை. கேட்டது மாத வருமானம். அவர் தன்னுடைய மிகச் சிறந்த மாதத்தை எழுதிவிட்டார். அதில் ஒரு பெருமையும் இருந்திருக்கலாம். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குழுவுக்கு முன்னால் இருப்பது தாள்தான்.

சரியான முறை இதுதான். முழு ஆண்டையும் எடுங்கள். செலவு போக, நல்ல ஆறு மாதங்களில் மாதத்துக்கு 70,000 ரூபாய் வீட்டுக்கு வந்தது, மூன்று மாதங்களில் 30,000 வந்தது, வாடையின் மூன்று மாதங்களில் ஒன்றுமே வரவில்லை என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 510,000 ரூபாய். அதைப் 12 ஆல் பிரித்தால் 42,500. இந்தத் தொகையை அந்த வரியில் எழுதி, 'பருவகால வருமானம், கணக்கு இணைக்கப்பட்டுள்ளது' என்று அருகில் குறித்து, கணக்கைத் தனித் தாளில் இணைத்துவிடுங்கள். தம்பலகாமத்து வயற்காரருக்கும் கிண்ணியாவில் நாட்கூலிக்குப் போகிறவருக்கும் இதே முறைதான். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழுக்குப் போகும்போதும் இந்தத் தாளைக் கொண்டுபோங்கள். படிவத்திலுள்ள தொகை ஒன்றும் சான்றிதழிலுள்ள தொகை வேறொன்றுமாக இருந்தால், உண்மையானது எது என்று தேடிக்கொண்டிருக்கக் குழுவுக்கு நேரம் இருக்காது. அதற்காகக் குறைத்தும் எழுதக்கூடாது. வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வருவார். வராவிட்டாலும் அயலில் ஒருவர் சொல்லிவிடுவார்.

2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தால், அதற்கான ஆதாரத்தை இணையுங்கள். பட்டியலில் பெயர் வரவில்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். எந்த உதவியானாலும், அதற்கென்று தனி நிபந்தனை இருக்கிறதா என்று கேட்டறிவதே முறை.

பெயர் விடயம் சிறியது போலத் தோன்றும். பிறப்புச் சான்றிதழில் சிவராசா, அடையாள அட்டையில் சிவராஜா, வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்து வேறு விதமாக. முஸ்லிம் பிள்ளைகளுக்கு முகம்மது என்ற ஒரே பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும். உதவுதொகை வங்கிக் கணக்குக்கே வருவதால், பெயர் பொருந்தாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட பணமும் நின்றுவிடும். சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இவை எல்லாம் ஒருவருக்கே உரிய பெயர்கள் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, விண்ணப்பத்தோடேயே வைத்துவிடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1981 இல், மூதூரிலிருந்து லாஞ்சில் நகரத்துக்கு வந்து நான் கொடுத்த முதல் விண்ணப்பம், பிரதேச மட்டத்தில் ஒரு மேலொப்பம் இல்லை என்று திருப்பித் தரப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டு இரண்டாம் முறை வந்தபோது, பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் என்றார்கள். அந்த அலுவலகத்தில் இருந்தவர் இரண்டையும் முதல் நாளே பார்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மூன்றாம் முறை வந்தபோது முடிவுத் திகதி கடந்திருந்தது. ஒரு வருடம் போயிற்று. அதனால் படிவத்தைக் கொடுக்கும் இடத்திலேயே, "வேறு என்ன குறை இருக்கிறது என்று முழுவதும் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்று கேட்டு நில்லுங்கள் என்பேன். பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட ஒரு துண்டும் வாங்குங்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், தமிழில் கேளுங்கள். 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தத்தின் பின்னர், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. மும்மொழியும் தெருவில் கேட்கும் நமது நகரத்திலேகூட, விளங்காத படிவத்தில் கையெழுத்திடும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

நேர்முகப் பரீட்சை என்றதும் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு மகள், குளிரூட்டலும் வாயுச் சீராக்கலும் என்ற பயிற்சிநெறிக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு அது. சதுரக்கோட்டுக் கொப்பியில் கிழித்த ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தாள். பென்சிலால் எழுதிய கணக்கு: வீட்டிலிருந்து சந்திக்கு நடை, சந்தியிலிருந்து மூதூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து நகரத்துக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். மதியச் சோறு வீட்டிலிருந்து என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில் 'தேநீர் – இல்லை' என்றிருந்தது. குழுவில் இருந்த ஒருவர், "ஏன் மகள், தேத்தண்ணி குடிக்க மாட்டீரா?" என்று கேட்டார். "குடிப்பன் சேர். அதுக்குக் காசு கேட்க வேண்டாமெண்டு அம்மா சொன்னவ" என்றாள். அதற்கு மேல் அவளிடம் கேட்பதற்கு எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. 'நாங்கள் மிகவும் வறிய குடும்பம், தயவுகூர்ந்து உதவவும்' என்று மூன்று பக்கம் எழுதி வந்தவர்களைவிட, அந்தப் பென்சில் கணக்கைக் கொண்டு முடிவெடுப்பது எங்களுக்கு எளிதாக இருந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். சண்டைக்குப் போவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அடுத்த தடவை எதைத் திருத்த வேண்டும் என்பது தெரியாமல் அதே படிவத்தை அதே பிழையோடு மறுபடி கொடுப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். எங்கே போய்த் தொடங்குவது என்றே தெரியாதவர்கள், தங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடைசியாக, உதவுதொகை அங்கீகரிக்கப்பட்டாலும் அது முதல் நாளே கைக்கு வராது. வரவு இடாப்பைப் பார்த்து, பட்டியல் போட்டு, அனுமதி பெற்று வங்கிக்கு வருவதற்குள் இரண்டு மூன்று மாதம் கடந்துவிடலாம். வராத நாட்களுக்குக் கழித்தும்விடுவார்கள். பிள்ளைகள் விட்டுப் போவதும் அந்த முதல் மூன்று மாதத்துக்குள்தான். ஆகையால் பயிற்சி தொடங்கும் முன்னரே, மாமாவிடமோ சீட்டுப் பிடிக்கும் அக்காவிடமோ ஊர்ச் சங்கத்திடமோ பேசி, மூன்று மாதப் பஸ் காசை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். பணம் வந்ததும் முதலில் அந்தக் கடனைத் தீர்த்துவிடலாம். வணக்கம்.