மணிச் சத்தம் நின்ற பிறகு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, தங்கச்சி, இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பாளையங்கோட்டையின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் திகில் பட ரசிகர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'கொலைகாரனின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கிற படம் பயமுறுத்துகிறதா, அலுப்பூட்டுகிறதா?' என்பது தலைப்பு. பயமுறுத்துகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இன் எ வயலண்ட் நேச்சர்' 2024இல் வெளிவந்த கனடா நாட்டுப் படம். கிறிஸ் நாஷ் இயக்கிய முதல் முழுநீளப் படம். ஒன்டாரியோ காட்டுக்குள் தீக்காவல் கோபுரம் ஒன்று இடிந்து கிடக்கிறது. அங்கே தொங்கிக்கொண்டிருந்த லாக்கெட் சங்கிலியை, விடுமுறைக்கு வந்த இளவட்டங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுவரை மண்ணுக்குள் கிடந்த ஜானி எழுந்திருக்கிறான். தன் பொருளைத் தேடி நடக்கிறான். வழியில் அகப்படுகிறவர்களைக் கொல்கிறான். இவ்வளவுதான் கதை. இதே கதையை நாம் ஐம்பது படங்களில் பார்த்திருப்போம். ஆனால் அந்த ஐம்பதிலும் கேமரா இளவட்டங்களோடு கூடாரத்துக்குள் இருக்கும், கொலைகாரன் வெளியே இருட்டில் இருப்பான். இங்கே கேமரா ஜானியோடு இருக்கிறது. அவன் நடந்தால் பின்னாலேயே போகிறது, நின்றால் நிற்கிறது. பின்னணி இசை என்பதே கிடையாது.

எதிரணித் தலைவர் அண்ணாச்சி எழுந்ததுமே, "94 நிமிஷப் படத்தில் பாதி நேரம் நடக்கிறான். ஆள் எங்கே இருக்கிறான் என்று எந்நேரமும் தெரிகிறது. தெரிந்த பிறகு என்ன பயம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதனால் அதை ஒரு வரியில் தட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கணியான் கூத்து நடந்துகொண்டிருக்கிறது. மகுடப் பறை முழங்குகிறது. சாமக்கொடை என்னும் நள்ளிரவுப் பூசை முடிந்ததும் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, அருள் ஏறி, சல்லடம் என்னும் குட்டைக் காற்சட்டை கட்டி, ஒரு கையில் வல்லயம் என்னும் ஈட்டி, ஒரு கையில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புவார். அந்த நேரத்தில் எதிரே யாரும் வரக்கூடாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆச்சி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வல்லயத்தில் கட்டிய மணி தெரு முனையில் கேட்டது. அப்புறம் எங்கள் வாசலில். கதவிடுக்கில் பந்த வெளிச்சம் தரையில் ஒரு கோடாக விழுந்து, நகர்ந்து, போய்விட்டது. மணிச் சத்தம் ஊர்க்கிணறு தாண்டி, பனங்காட்டுக்குள் நுழைந்து, காய்ந்த பனையோலை மிதிபடும் சத்தத்தோடு சேர்ந்து தேய்ந்துகொண்டே போனது. திடீரென்று நின்றது.

ஐயா, வாசலில் மணி கேட்டபோது எனக்குப் பயமில்லை. சாமி வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். சத்தம் நின்ற பிறகுதான் ஈரக்குலை நடுங்கியது. இப்போது எங்கே நிற்கிறது? சுடுகாட்டிலா, திரும்பி வருகிறதா, பின்வாசல் பக்கமா? ஆச்சியின் முந்தானையைப் பிடித்த கையை விடியும் வரை நான் எடுக்கவில்லை.

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ராத்திரியில் இருக்கிறது. இந்தப் படம் கிட்டத்தட்ட எண்பது நிமிடம் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜானி எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் கால் மணி நேரம் பதைக்க வைக்கலாம், திடீரென வெடித்தால் சில நொடித் திடுக்கிடல்தான் என்று ஹிட்ச்காக் விளக்கியது இந்தச் சபையில் எல்லாருக்கும் தெரிந்தது. இங்கே குண்டுக்குக் கால் முளைத்து நடக்கிறது.

அந்த ஏரிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் நீந்திக்கொண்டிருக்கிறாள். ஜானி கரையில் வந்து நிற்கிறான். ஓடவில்லை, பாயவில்லை. சந்தைக்குப் போகிறவன் நடப்பதுபோலத் தண்ணீருக்குள் நடக்கிறான். முழங்கால், இடுப்பு, கழுத்து, அப்புறம் தலையும் மறைந்துவிடுகிறது. தண்ணீர் மட்டமாகக் கிடக்கிறது. தூரத்தில் அந்தப் பெண் இன்னும் நீந்துகிறாள். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? கசத்துப் பக்கம், ஆற்றின் ஆழமான மடுப் பக்கம், போகாதே என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். கசத்தில் மேல்தண்ணீர் அசையாது. மாமா ஒருவர் அந்த இடத்தைக் கையைக் காட்டி மட்டும் சொல்வார், வாயால் பெயர் சொல்ல மாட்டார். ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. அவளை உள்ளே இழுக்கும்போது இசை இல்லை. ஒரு சலசலப்பு, பிறகு மறுபடியும் மட்டமான தண்ணீர்.

இசை இல்லாதது குறை என்று எதிரணித் தங்கச்சி பேசினார். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பின்னணி இசை நமக்கு ஒரு துணை. எப்போது பயப்பட வேண்டும், எப்போது மூச்சு விடலாம் என்று அது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடும். அதைப் பிடுங்கிவிட்டால் நம் காதே வேலை செய்யத் தொடங்குகிறது. சருகு மிதிபடுகிறது, குருவி கத்துகிறது, பூட்ஸ் ஈர மண்ணில் அழுந்துகிறது. குருவி அந்தக் கொலைகளுக்காகக் கத்துவதை நிறுத்துவதே இல்லை. அதைக் கவனித்தபோது எனக்குச் சில்லென்று இருந்தது.

கொலைகாரன் பக்கம் நிற்பது புதுசா என்றும் கேட்டார்கள். புதுசில்லைதான். 1978இல் ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' ஆரம்பக் காட்சியே கொலைகாரனின் கண் வழியாகத்தான் ஓடுகிறது. அதே ஆண்டில் நம் பாரதிராஜா 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்து, கமல்ஹாசனையே கொலைகாரனாக்கி, அவன் வீட்டுத் தோட்டம் வரை நம்மைக் கூட்டிப்போனார். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். கண் வழியாகக் காட்டினால் நாமே அவனாகிவிடுகிறோம். கதாநாயகனாக்கினால் அவன் ஏன் இப்படி ஆனான் என்ற கதை நமக்குக் கிடைக்கிறது. நாஷ் காட்டுவது முதுகை. முதுகில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றுமில்லை. நடைத்துணையாகக் கூடவே போகிறோம், அவன் என்ன நினைக்கிறான் என்பது மட்டும் கடைசி வரை தெரியவில்லை. படத்தை 4:3 என்ற பழைய, ஒடுங்கின சட்டகத்தில் எடுத்திருப்பதும் அதற்குத்தான் உதவுகிறது. பக்கவாட்டில் பார்க்க இடமில்லை, அவன் முதுகைத்தான் பார்த்தாக வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் பேசுகிற, யோகாசனம் செய்யும் பெண்ணைக் கொல்லும் அந்தக் காட்சியை நான் என் கட்சிக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது வித்தை. கொக்கிச் சங்கிலியை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டுகிறார்கள், பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், பயம் அங்கே கொஞ்சம் இறங்கிவிடுகிறது. எதிரணி அதை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மரம் பிளக்கும் இயந்திரத்தில் வனக்காவலரைக் கொல்லும் காட்சியை விட்டுத்தர மாட்டேன். அவரால் அசைய முடியவில்லை. ஜானி இயந்திரத்தை ஓட விடுகிறான், கையை வைக்கிறான், கத்தி மெதுவாக இறங்குகிறது. மறுபடி அவரை நகர்த்தி வைக்கிறான். நம் ஊர் மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறவர் தடியை நகர்த்தி வைப்பதுபோல. கோபமில்லை, அவசரமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்கிறவனைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. வேலை செய்கிறவன்போலக் கொல்கிறவனைப் பார்த்தால் வருகிறது.

ஜானி யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் அவன் அறிவு வளராத பிள்ளை. மரம் வெட்ட வந்தவர்கள் ஏமாற்றிக் கோபுரத்தில் ஏற்றி, அவன் விழுந்து செத்தான். இந்தக் கதையை அந்த இளவட்டங்கள் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பொழுதுபோக்காகச் சொல்கிறார்கள். நம் சீமையில் அநியாயமாகச் செத்தவனுக்கு என்ன செய்வோம்? பீடம் போடுவோம். வருஷத்துக்கு ஒரு கொடை கொடுப்போம். வில்லுப்பாட்டு கட்டி அவன் கதையை விடிய விடியப் பாடுவோம். மாடு திருட வந்தவர்களால் கொல்லப்பட்ட முத்துப்பட்டனுக்கும், அவனோடு மாண்ட பொம்மக்கா திம்மக்காவுக்கும் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் இன்றைக்கும் சன்னதி இருக்கிறது, ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் தாங்காது. கொலையுண்டவனைச் சாமியாக்கிப் படையல் போடுகிறவர்கள் நாம். ஜானிக்கு அந்தக் காட்டில் ஒருவரும் எதுவும் போடவில்லை. ஒரே ஒரு சங்கிலி கிடந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது, மறைக்கவில்லை. இரக்கத்தோடு பின்னாலேயே நடந்துபோய், அவன் கோடாரியை ஓங்கும்போது நம் கால்கள் அவனோடு நிற்பதைப் பார்க்கிறோமே, அந்தக் குலை நடுக்கத்தை எந்த முகமூடிக்காரனும் எனக்குத் தந்ததில்லை.

இனி கடைசிக் காட்சி. "கிளைமாக்ஸில் சண்டை இல்லை, காரில் உட்கார்ந்து ஒரு அம்மா கரடி விடுகிறார்" என்று தங்கச்சி சொன்னதும் சபை சிரித்தது. தப்பிக்கிற பெண் கிரிஸ், சங்கிலியைக் காட்டிலேயே ஒரு பெட்ரோல் கேன் மேல் வைத்துவிட்டு ஓடுகிறாள். சாலையில் ஒரு வண்டி நிற்கிறது. ஓட்டி வரும் அம்மா அவளை ஏற்றிக்கொண்டு, தன் கூடப்பிறந்தவனைக் கரடி தாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த அம்மாவாக நடித்திருப்பவர் லாரன்-மேரி டெய்லர். 1981இல் வந்த 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' இரண்டாம் பாகத்தில் கொலைகாரனிடம் மாட்டிச் செத்த பெண்ணாக நடித்தவர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தப்பிக்க முடியாதவர் இன்று தப்பித்தவளுக்கு வண்டி ஓட்டுகிறார். நம்மைப்போன்ற ரசிகர்களுக்காகவே வைத்த இடம் அது, எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தக் கரடிக் கதையும் கரடி விடுகிற கதை இல்லை, தங்கச்சி. பாபநாசம், கடையம் பக்கம் மலையடிவாரத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். அங்கே தோட்டத்துக்குப் போகிறவர் விடியாமல் போக மாட்டார். கரடிக்கு நம்மேல் பகை கிடையாது, பசியும் கிடையாது. எதிரே பட்டால் முகத்தைக் கிழிக்கும், அவ்வளவுதான். காரணம் கேட்க முடியாத ஒன்றிடம் அகப்பட்டு மீண்டவனின் கதையைத்தான் அந்த அம்மா சொல்கிறார்.

இப்போது அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேமரா எங்கே இருக்கிறது என்று யோசித்துப்பாருங்கள். முதல்முறையாக அது ஜானியின் பின்னால் இல்லை. கிரிஸ்ஸோடு வண்டிக்குள் இருக்கிறது. இத்தனை நேரம் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே இருந்த ஒருத்தன், இப்போது எங்கே? வழியில் அவள் காலில் ரத்தம் நிற்கவில்லை என்று கட்டுப்போட அந்த அம்மா வண்டியை ஓரம் கட்டுகிறார். கிரிஸ் கட்டைப் பார்க்கவில்லை. மரங்களுக்கு இடையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாமும் பார்க்கிறோம். ஒரு இலை அசைகிறது. அவன் வரவில்லை. இன்னொரு இலை அசைகிறது.

நடுவர் ஐயா, மணிச் சத்தம் நின்றுவிட்டது. நான் மறுபடியும் ஒன்பது வயதுப் பையனாகி, ஆச்சியின் முந்தானையைத் தேடிக்கொண்டிருந்தேன். இதை அலுப்பு என்று அண்ணாச்சி தீர்ப்புக் கேட்கிறார். என் பக்கத்துத் தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.